அரை மதிப்பெண்

சான் ரோக்கே, டிரினிடாட்
22 அக்டோபர் 1984

டெல்ஃபினாவுக்கு,

அன்று அரிமா மண்டபத்தில் இருந்தவர்கள் யார் யாரென்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. மேடையில் பிடிலோடு என் தம்பி சொதேரோ. அப்பன் இல்லாத உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன், நீ தாத்தா என்று கூப்பிடுகிறவன். அவன் பின்னால் குவாத்ரோ மீட்ட பெப்பே, மராக்காஸ் குலுக்க அவன் பெண்டாட்டி மார்ட்டினா. கீழே முதல் வரிசையில் நான். என் பக்கத்தில், எங்களை டாக்சியில் ஏற்றிவந்த ரம்டியால். அவனுக்கு அந்தப் பக்கம் பாதர் மலோனி, வாயைத் திறந்தபடி தூக்கம். மறுபக்க வரிசையில் புதுத் தொப்பியோடு அன்செல்மோ லெஸாமா. சாட்சி சொல்கிறேன் என்பதால்தான் அந்தப் பெயரை எழுதுகிறேன். நடுவர் மேசையில் மூன்று பேர். டை கட்டிய கல்வி அதிகாரி. வெனிசுவேலாவிலிருந்து வந்த அம்மாள். மூன்றாவது நீ.

உன் இருமல் நின்றதா? டொபாகோ கடல்காற்று உனக்கு ஒத்துக்கொள்ளாது, தேன் குடி. எனக்கு முழங்கால் வலிதான், புதிதாக ஒன்றுமில்லை.

உன்னை அந்த மேசையில் பார்த்ததும் எனக்கு வயிறு குளிர்ந்துபோனது. ரம்டியாலிடம் சொன்னேன், "திரும்பிப் போறப்போ பள்ளம் பாத்து ஓட்டுடா, மடியில கோப்பை இருக்கும்." அவன் சிரித்தான். கடைசியில் போர்டில் என்ன எழுதினார்கள்? லெஸாமா முதல். சொதேரோ இரண்டாவது. அரை மார்க் வித்தியாசம்.

சொதேரோ அந்தப் போர்டை விட்டு நகரவில்லை. மார்ட்டினா கையைப் பிடித்து இழுத்துவந்தாள். வீட்டுக்கு வந்து பிடிலை உறையில் போட்டுக் கட்டியவன் இன்றுவரை அவிழ்க்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கிறிஸ்மஸுக்குப் பராங்க் பாட ஊரே தயாராகிற மாதம் இது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ அவனுக்கு எத்தனை போட்டாய்? பதில் வருகிறவரை, உன் கல்யாணத்தன்று உன்னைக் கோவிலுக்குள் கைப்பிடித்து அழைத்துப் போக அவன் வரமாட்டான். அவன் கோட்டு என் பெட்டியில் இருக்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது.

கர்த்தர் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.
பாட்டி, பஸ்தோரா

*

ஸ்கார்பரோ, டொபாகோ
31 அக்டோபர் 1984

அன்புள்ள பாட்டிக்கு,

இருமல் குறைந்துவிட்டது. நீங்கள் சொன்னபடி தேன் குடிக்கிறேன். கிளைடும், என் மாமியாராகப் போகிற அவன் அம்மாவும் உங்களை விசாரித்தார்கள்.

நான் நடுவராகப் போகவில்லை, பார்க்கத்தான் வந்தேன். காலையில் ஒரு நடுவருக்குக் காய்ச்சல் என்றார்கள். இசை டீச்சர் என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். "எங்க தாத்தா வாசிக்கறார்" என்று சொன்னேன். "இந்தத் தீவுல யாருக்கு யாரு சொந்தமில்ல? உக்காரும்மா" என்றார்கள். நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

பாட்டி, நாங்கள் மூன்று பேரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம், பேசிக்கொள்ளவில்லை. சுருதிக்கு இவ்வளவு, தாளத்துக்கு இவ்வளவு, வில் பிடிக்கிற சுத்தத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியாக மார்க் உண்டு. உருக்கத்துக்குக்கூடப் பத்து மார்க் இருக்கிறது. யார் எத்தனை போட்டார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. என் மார்க்கை மட்டும் கேட்காதீர்கள்.

தாத்தா சாப்பிடுகிறாரா? அவரைத் திட்டாதீர்கள். கல்யாணத்தையும் இதையும் சேர்க்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.
டெல்ஃபினா

*

சான் ரோக்கே
6 நவம்பர் 1984

டெல்ஃபினாவுக்கு,

தைலம் வந்தது. நாற்றம் பிடித்த தைலம், ஆனால் வலிக்குக் கேட்கிறது.

உருக்கத்துக்குப் பத்து மார்க்கா? படித்துவிட்டு மார்ட்டினாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கேட்டாள்: "அழுதா பத்து, மூக்க உறிஞ்சினா அஞ்சா?" நாங்கள் சிரித்த சிரிப்பில் கோழி மிரண்டது. கொக்கோவை எடை போடலாம். மழையைக்கூட வாளியில் பிடித்து அளக்கலாம். ஒருத்தன் பிடிலில் எனக்குப் பிடித்ததை நீ எந்தத் தராசில் வைப்பாய்? பிடித்தது பிடித்தது, அவ்வளவுதான்.

எங்கள் அப்பா இருந்திருந்தால் மூன்று பேரும் வேண்டாம், மேசையும் வேண்டாம். இரண்டு பேர் வாசித்ததையும் கேட்டு ஒரு நொடியில் சொல்லியிருப்பார், சொதேரோதான் என்று.

லெஸாமா யாரென்று உனக்குத் தெரியாதா? எத்தனை தடவை சொல்லியிருப்பேன். 1957, கிறிஸ்மஸ் விடியல், இதே வீடு. அப்பாவிடம் பிடில் கற்ற இரண்டு பேரும் வாசித்தார்கள். நன்றாக வாசித்தவனுக்கு முதல் கோப்பை போஞ்சே பானம் கொடுப்பது வழக்கம். அப்பா அதை சொதேரோ கையில் கொடுத்தார். லெஸாமா பிடிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினான். விடைப்பாட்டு வாசிக்காமல்! பாட வந்த வீட்டிலிருந்து விடைப்பாட்டு இல்லாமல் நாய்கூட இறங்காது. மார்ச்சில் அப்பா செத்துப்போனார். அந்தக் கிறிஸ்மஸ் இந்த வீட்டில் இன்னும் முடியவில்லை. அரிமாவில் அவன் எடுத்துக்கொண்ட பாட்டு எது? அப்பாவின் அதே விடைப்பாட்டு. சொதேரோவும் அதைத்தான் வாசித்தான், அவனுக்கு உரிமை உண்டு. இவனுக்கு என்ன தைரியம்? அதற்கு நீங்கள் கோப்பை கொடுத்தீர்கள்.

சொதேரோ சாப்பிடுகிறான், பேசுவதில்லை. நேற்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "லெஸாமா நல்லாத்தான் வாசிச்சான், அக்கா." "வாய மூடு" என்றேன். மூடிக்கொண்டான்.

நீ எத்தனை போட்டாய்?

கிளைட் அம்மாவுக்கு என் விசாரிப்பு.
பாட்டி

*

ஸ்கார்பரோ
15 நவம்பர் 1984

அன்புள்ள பாட்டிக்கு,

இங்கே விடாத மழை. மற்றபடி சுகம்.

இரண்டு விஷயம் சொல்கிறீர்கள். இசையை யாரும் எடைபோட முடியாது என்கிறீர்கள். நாங்கள் எடைபோட்டது தப்பு என்றும் சொல்கிறீர்கள். எடையே இல்லையென்றால் தப்பு எங்கிருந்து வரும்? உங்கள் அப்பா ஒரு நொடியில் சொல்லிவிடுவார் என்றால், சொல்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

என் வகுப்பில் முப்பது பிள்ளைகள். எந்தப் பாட்டு பிடிக்கும் என்றால் முப்பது பதில். யாருக்குச் சுருதி விலகுகிறது என்றால் எல்லாரும் ஒரே பையனைத் திரும்பிப் பார்ப்பார்கள். பிடிப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு. எனக்கு சொதேரோ தாத்தாவின் பிடில்தான் பிடிக்கும், சாகும்வரை.

இன்னொன்று. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். லெஸாமா மேடையேறியபோது நீங்கள் எழுந்து வெளியே போனீர்கள். நான் மேசையிலிருந்து பார்த்தேன். அவர் முடித்துக் கைதட்டல் அடங்கிய பிறகுதான் திரும்பி வந்தீர்கள். நீங்கள் கேட்கவே இல்லை, பாட்டி.

கல்யாண உடைக்கு அளவு கொடுத்துவிட்டேன். தாத்தா வருவார் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.
டெல்ஃபினா

*

சான் ரோக்கே
20 நவம்பர் 1984

டெல்ஃபினாவுக்கு,

மழை என்றால் குடை எடுத்துப் போ. இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

ஆமாம், போனேன். வாசலில் நின்று கடலை வாங்கித் தின்றேன். அவன் வில்லிலிருந்து வருகிற எதுவும் என் காதில் விழக் கூடாது என்று அப்பாவைப் புதைத்த அன்று சொல்லிக்கொண்டது. இருபத்தாறு வருஷம் காப்பாற்றியிருக்கிறேன். அதை நீ நாலு பேர் நடுவில் என் நாற்காலியைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாயா? மார்க் போடுகிற வேலையில் இதுவும் சேர்த்தியா?

கேட்காமல் பேசுகிறேன் என்கிறாய். சரி. அன்று ஆட்கள் டேப்பில் பிடித்துக்கொண்டிருந்தார்கள், பார்த்தேன். இரண்டு பேர் வாசித்ததையும் ஒரு கேசட்டில் போட்டு அனுப்பு. பெயர் சொல்லாதே, கைதட்டல் வேண்டாம். அந்தப் பாவியின் பிடிலை நான் கேட்கிறேன், உனக்காக என் சபதத்தை உடைக்கிறேன். யார் வாசித்தது எது என்று மட்டுமில்லை, மார்க்கும் போட்டு அனுப்புகிறேன். என் மார்க்கும் உங்கள் மார்க்கும் ஒன்றானால் கோட்டை எடுத்து இஸ்திரி போடுகிறேன். இல்லையென்றால் நீ கிளைட் கையையே பிடித்துக்கொண்டு தனியாக உள்ளே நட.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பாட்டி

*

ஸ்கார்பரோ
29 நவம்பர் 1984

அன்புள்ள பாட்டிக்கு,

இங்கே எல்லாரும் நலம். உங்கள் முழங்கால் எப்படி?

கேசட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு பேர், ஒரே பாட்டு. பெயர் இல்லை, கைதட்டல் இல்லை.

இதை அனுப்பலாமா என்று ரொம்ப யோசித்தேன். கேட்காமலே விட்டுவிடலாம், பாட்டி. கேசட்டைத் திருப்பி அனுப்பிவிட்டால் நான் எதுவும் நினைக்க மாட்டேன்.
டெல்ஃபினா

*

சான் ரோக்கே
5 டிசம்பர் 1984

என் செல்லம் டெல்ஃபினாவுக்கு,

முழங்கால் பறந்துவிட்டது. இன்று எனக்கு வலியே இல்லை.

திருப்பி அனுப்புவதா? ரம்டியால் டாக்சியில் டேப் இருக்கிறது. கொக்கோ உலர்த்தும் களத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். சொதேரோ மலைமேல் தோட்டத்தில் இருந்தான்.

முதலாவது. சுத்தமாக இருக்கிறது, பழுதில்லை. ஆனால் பயந்துபோன பிடில். மேலே ஏறுகிற இடத்தில் கை நடுங்கி ஒரு இழை கீழேயே நின்றுவிடுகிறது. விடைபெறுகிறவன் வாசிப்பது மாதிரி இல்லை, எப்போது முடியும் என்று பார்க்கிறவன் மாதிரி இருக்கிறது. ரம்டியால் கூட, "நல்லாத்தானே இருக்கு, பெரியம்மா?" என்றான். "நல்லாருக்கு, அவ்ளோதான்" என்றேன். எழுபது மார்க்.

இரண்டாவது. அதை எப்படி எழுதுவது? நான் படித்தது மூன்றாவதுவரைதான். அப்பா அந்தப் பாட்டின் நடுவில் ஒரு இடத்தில் வில்லை நிறுத்துவார், மூச்சு விடுகிற நேரம்தான், வாசற்படியில் நின்று திரும்பிப் பார்ப்பது மாதிரி. சரியாக அந்த இடத்தில் நின்றது. நான் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். ரம்டியால் பயந்து, "டாக்டர்கிட்ட போலாமா?" என்றான். "வாய மூடுடா, திருப்பிப் போடு" என்றேன். தொண்ணூற்றைந்து. மிச்சம் ஐந்து அப்பாவுக்கு.

இரண்டாவதுதான் சொதேரோ. முதலாவது அந்த லெஸாமா. இத்தனை தூரம் இருக்கிற இரண்டுக்கும் நடுவில் அரை மார்க், அதுவும் தலைகீழாக! நீ படித்த படிப்பைக் கொண்டுபோய்க் கடலில் போடு. இருந்தாலும் மன்னித்துவிட்டேன், கல்யாணப் பெண். தப்பு என்று ஒரே ஒரு வரி எழுது, போதும்.

கிளைட் அம்மாவிடம் விருந்துக்கு இறைச்சிப் பஸ்டெல் நான் கட்டுகிறேன் என்று சொல். வாழையிலை இங்கே நிறைய இருக்கிறது.
உன் பாட்டி

*

ஸ்கார்பரோ
12 டிசம்பர் 1984

அன்புள்ள பாட்டிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

முதலாவது சொதேரோ தாத்தா. இரண்டாவது லெஸாமா.

டெல்ஃபினா

*

சான் ரோக்கே
19 டிசம்பர் 1984

டெல்ஃபினாவுக்கு,

இந்தத் தடவை உன் உடம்பை விசாரிக்கவில்லை. என் உடம்பையும் கேட்காதே.

உன் கடிதத்தை ரம்டியாலைப் படிக்கச் சொன்னேன், என் கண் தப்பாகப் படிக்கிறதோ என்று. அவனும் அதையே படித்தான். ஒரு நாள் முழுக்க அடுப்பு மூட்டவில்லை.

நேற்று சொதேரோவை இழுத்துப் போய் டாக்சியில் உட்கார வைத்தேன். எதுவும் சொல்லவில்லை, டேப்பைப் போட்டேன். ஒரு வரிகூட ஓடவில்லை.

"இது நான்."

"எப்படிடா தெரியும்?"

"என் கை எனக்குத் தெரியாதா? மேல போறப்போ வழுக்குது பாரு. ரெண்டு வருஷமா வழுக்குது. அடுத்தது லெஸாமாவா? போடு, போடு." இரண்டாவது முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும், "அப்பா அன்னிக்குக் குடுத்த கோப்பை இவனுக்குப் போயிருக்கணும் அக்கா" என்றான். "இவன் அன்னிக்கே இப்படித்தான் வாசிச்சான். அப்பாவுக்கும் தெரியும். நான் புள்ளையாச்சே."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அப்ப எதுக்குடா பிடிலைக் கட்டி வெச்ச? தோத்தது நியாயம்னா எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு அலையற?"

அப்போதுதான் சொன்னான். "தோத்ததுக்கு இல்ல. அர மார்க்குன்னு போட்டிருந்தாங்களே, அதுக்கு. பத்து மார்க்குல தோத்திருந்தா சிரிச்சுக்கிட்டு வந்திருப்பேன், நான் தோத்த தோல்வி அது. அர மார்க் எப்படி வரும்? மேசையில யாரோ ஒருத்தர் என்னைப் பாத்துப் பாவப்பட்டிருக்காங்க. கெழவனாச்சேன்னு."

யார் என்று நான் கேட்கவில்லை. ரம்டியால் கண்ணாடியைத் துடைக்க இறங்கிவிட்டான்.

கொக்கோ வாங்க வருகிறவன் தராசுத் தட்டில் விரலை வைத்து அழுத்துவதைச் சிறு வயதிலிருந்து பார்த்தவள் நான். எடை எப்படிக் கூடும், எப்படிக் குறையும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேர் நேராகப் போட்டிருந்தால் மூன்றாவது ஆள் ரொம்ப அழுத்தியிருக்க வேண்டும்.

இத்தனை நாளும் நீ அவனுக்குக் குறைத்துப் போட்டாய் என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரிக் கேட்கிறேன். நீ கூட்டிப் போட்டாயா?

பாட்டி

*

ஸ்கார்பரோ
26 டிசம்பர் 1984

அன்புள்ள பாட்டிக்கு,

கிறிஸ்மஸ் வாழ்த்துகள். இங்கே நல்ல வெயில். இருமல் சுத்தமாகப் போய்விட்டது. கிளைடின் அம்மா சோரல் பானம் போட்டாள், உங்களுடையது மாதிரி இல்லை. கல்யாண உடை தைத்து வந்துவிட்டது, தோளில் கொஞ்சம் இறுக்கம், பிரித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். ஐந்தாம் தேதி சனிக்கிழமை பத்து மணிக்குக் கல்யாணப் பூசை என்று பாதர் மலோனி உறுதி சொல்லிவிட்டார். நாங்கள் வியாழக்கிழமை கப்பலில் வருகிறோம்.

இனி எந்தப் போட்டிக்கும் நடுவராக உட்கார மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், பாட்டி. வேறொன்றும் கேட்கவில்லை.

டெல்ஃபினா

*

சான் ரோக்கே
31 டிசம்பர் 1984

டெல்ஃபினாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். வெயில் இருக்கிறது, சோரல் இருக்கிறது, தோள் இறுக்கம் இருக்கிறது. நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. பொய் சொல்ல நினைத்திருந்தால் 'இல்லை' என்று ஒரு சொல் போதும். நீ எழுதவில்லை. அதற்காக உன்னைக் கொஞ்சம் மதிக்கிறேன், கொஞ்சம்தான்.

கிறிஸ்மஸ் விடியலில் என்ன நடந்தது என்று மார்ட்டினா உனக்கு எழுதுவதற்கு முன்னால் நானே எழுதுகிறேன். சொதேரோ கீழே போய் லெஸாமாவைக் கூட்டிவந்தான். மூடிய கதவுக்கு வெளியே நின்று பாடினார்கள். வீட்டுக்காரி திறக்கிறவரை பாட வேண்டும், அதுதானே முறை. நான் உடனே திறக்கவில்லை. மார்ட்டினா வெளியிலிருந்து கத்தினாள்: "பஸ்தோரா, எனக்குத் தொண்டை கட்டிடுச்சு, செத்துட்டியா இருக்கியா?" திறந்தேன். லெஸாமா தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றான். கிழவனாகிவிட்டான், எனக்குத் தெரியாது. "உள்ள வா, கொசு வருது" என்றேன். முதல் கோப்பையை அவன் கையில் கொடுத்தேன். சொதேரோ பிடிலை அவிழ்த்தான், மேலே ஏறுகிற இடத்தை விட்டுவிட்டுக் கீழேயே வாசித்தான், அது அவனுக்கு நன்றாக வருகிறது. போகும்போது லெஸாமா விடைப்பாட்டை முழுசாக வாசித்துவிட்டுத்தான் படியிறங்கினான்.

கோட்டை எடுத்து வெயிலில் போட்டேன். பூச்சி அரிக்கவில்லை. இஸ்திரி போட்டாகிவிட்டது. சனிக்கிழமை சொதேரோ உன்னைக் கைப்பிடித்து அழைத்துப் போவான், கேட்டதும் ஒத்துக்கொண்டான், "அவ சின்னப் பொண்ணு, விடு" என்றான். பஸ்டெல் இருநூறு கட்டுகிறேன். முதல் பெஞ்சில் உட்காருவேன். உனக்குப் பிள்ளை பிறந்தால் டொபாகோவுக்குக் கப்பலேறி வருவேன், குமட்டினாலும் வருவேன்.

ஆனால் ஒன்று தெரிந்துகொள். அவன் வில்லைப் பிடிக்கக் கற்றபோது உன் அப்பன்கூடப் பிறக்கவில்லை. நன்றாக வாசித்தால் நன்றாக இருக்கிறது என்றும், மோசமாக வாசித்தால் மோசம் என்றும் கேட்டு வளர்ந்தவன். அரிமாவில் அவன் தோற்றுப்போன பிடில்காரனாக வீட்டுக்கு வந்திருக்கலாம். நீ அவனுக்குப் பிச்சை போட்டு அனுப்பினாய், அதுவும் ஊரே பார்க்கிற போர்டில். ஆமாம், நான்தான் மார்க் கேட்டேன், சத்தம் போட்டேன். நான் அக்கா, அப்படித்தான் கேட்பேன். நீ கொடுத்திருக்கக் கூடாது.

டை கட்டியவரை மன்னித்துவிட்டேன், வெனிசுவேலா அம்மாளையும். காது இருந்தது, நேராகப் போட்டார்கள். தூங்கிய பாதரை மன்னித்தேன். அப்பாவை மன்னிக்க எனக்கு வாய் இல்லை, அவர் விஷயத்தைக் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும். லெஸாமாவை மன்னித்தேன், அது எத்தனை கஷ்டம் என்று உனக்குத் தெரியும். நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான். அவளுக்குச் சனிக்கிழமை என் கையாலேயே முக்காடு போட்டுவிடுவேன், நெற்றியில் முத்தமும் கொடுப்பேன். மன்னிக்க மாட்டேன். அவள் பெயர் டெல்ஃபினா மார்க்கானோ.